அறிவிப்பாளரா வரணும்னா தோட்டத்துப் பேச்சை மாத்தணுமா?

கேள்வி: அக்கா, நான் ஏ.எல். (உயர்தரம்) முடிச்சிட்டேன். எங்க தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுல மூணு வருசமா மைக்ல அறிவிப்பு செய்றது நான்தான். ரேடியோ அறிவிப்பாளரா வரணும், அப்துல் ஹமீத் சார் மாதிரி மேடையும் செய்யணும்னு ஆசை. ஒரு குரல் தேர்வுக்குப் போனேன், "பேச்சுல தோட்டத்து வாடை அடிக்குது"ன்னு அனுப்பிட்டாங்க. என்ன செய்றது?
– வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, இதே வார்த்தைய நானும் கேட்டு அழுதிருக்கேன், அதனால நேரா சொல்றேன், பேச்சு வேற உச்சரிப்பு வேற. மழையை 'மள'ன்னு சொன்னா அத திருத்தத்தான் வேணும், ல ள ழ மூணும் நாக்குல தனித்தனியா விழணும். தினமும் பேப்பரை சத்தமா வாசிச்சு ஃபோன்ல ரெக்கோட் பண்ணி திருப்பிக் கேளுங்க. ஆனா கொழுந்து (தேயிலைத் தளிர்), பிரட்டு (காலைல வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடம்), லயம் (தோட்டத்து வரிசை வீடு)னு சொல்ல யார்கிட்டயும் வெக்கப்படாதீங்க.

உங்க அம்மாச்சிகிட்ட கேட்டுப் பாருங்க, லயத்துல ஒரு காம்பராவுல (அறையில) ரேடியோ பாடினா பக்கத்துக் காம்பராவுக்கும் கேக்கும், பெட்டரி இறங்கினா வெயில்ல காயவச்சு திரும்பப் போடுவாங்க, காலைல பொங்கும் பூம்புனல் பாட்டு நிகழ்ச்சி, அப்புறம் நேயர் விருப்பத்துல நம்ம தோட்டத்துப் பேர் வருமான்னு காத்துக்கிட்டு இருப்பாங்க. 1925ல கொழும்புல தொடங்கின வானொலி 1949ல ரேடியோ சிலோன் ஆச்சு, 1967ல இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆச்சு, இதெல்லாம் சனங்களுக்கு ஞாபகம் இல்ல, குரல்தான் ஞாபகம். அந்த வானொலி அறிவிப்பாளருங்கள்ல மயில்வாகனம் மாதிரி கே.எஸ். ராஜா பேசல, ராஜா மாதிரி ஹமீத் பேசல, ராஜேஸ்வரி சண்முகம் நாடகத்துல பழகின குரலோட வந்தாங்க. ஒருத்தரும் இன்னொருத்தரைக் காப்பி அடிக்கல.

ஹமீத் சாரோட குரலை மட்டும் பாக்காதீங்க, பாட்டுக்குப் பாட்டு போட்டி நிகழ்ச்சியில அவர் செய்ற வேலையப் பாருங்க. ஆள் பாடும்போதே வரி சரியா தப்பான்னு பிடிக்கணும், அந்த இடத்துலயே அடுத்த ஆள் பாட்டைத் தொடங்க வேண்டிய எழுத்தைக் குடுக்கணும், அது குறிலா நெடிலான்னு சொல்லணும், பாட மறந்து நிக்கிற பிள்ளைய நோகாம இறக்கி விடணும். ஆயிரக்கணக்கான பாட்டு மண்டைக்குள்ள இருந்தாத்தான் அது முடியும், அதனால நிறைய கேளுங்க, பேசுறதவிட கேக்குறதுதான் இந்தத் தொழில்ல பாதி.

இன்னொண்ணு, பேரு. நான் புதுசா மேடை ஏறின நேரம் ஒரு திருவிழாவுல உபயகாரர் பட்டியலை அவசரமா வாசிச்சேன், ஒரு பேருக்கு முன்னால 'அமரர்'னு இருந்ததைக் கவனிக்காம "மேடைக்கு வாங்க ஐயா"ன்னு கூப்பிட்டுட்டேன். அவரோட மனைவி எழும்பி வந்தாங்க. ஒண்ணும் பேசல, மாலைய வாங்கிட்டுப் போயிட்டாங்க. அன்னையில இருந்து பட்டியலைக் கமிட்டிக்காரங்களோட உக்காந்து ஒவ்வொரு பேரா வாசிச்சுப் பாக்காம நான் மேடை ஏறினதே இல்ல. நம்ம சனங்க பேரு மைக்ல வர்றது வருசத்துக்கு ஒருதடவைதான் தங்கச்சி, அது பிழைக்கவே கூடாது.

சம்பளம் பத்தி கேக்கல நீங்க, ஆனாலும் சொல்றேன். பெரும்பாலும் பகுதிநேர அறிவிப்பாளராத்தான் தொடங்குவீங்க, நிகழ்ச்சிக்கு இவ்வளவுன்னுதான் காசு. அதனால ஒரு வேலையோ படிப்போ கையில இருக்கட்டும். கல்யாணம், சடங்கு வீட்டு மேடைங்க தேடி வரும், அட்வான்ஸ் வாங்காம போகாதீங்க. சிங்களமும் படிங்க, நுவரெலியாப் பக்கத்து மேடையில ரெண்டு பாஷையும் கேப்பாங்க. அடுத்த குரல் தேர்வுக்குக் கட்டாயம் போங்க.

கேள்வி: நான் பேசினா மைக்ல 'ப', 'பு' எல்லாம் வெடிக்குது, ஏன் அக்கா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: வாய்க்கு நேரா பிடிக்கிறீங்க, காத்து நேரா போய் அடிக்குது. கொஞ்சம் கன்னத்துப் பக்கமா சாய்ச்சு, நாலு விரல் தள்ளி பிடிங்க. குளிர்ல தொண்டை கட்டினா சுடுதண்ணி குடிங்க, ஐஸ் போட்ட சோடா வேணாம்.