ஒரே ஏரியை எத்தனை தடவை வரைவது?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 52 வயது. சின்ன ஊர், இங்கே இயற்கைக் காட்சி வரைகிற ஆள் நான் ஒருவன்தான். பாதி வீட்டுச் சுவர்களில் என் படம் தொங்குகிறது. எல்லாம் அதே ஏரி, அதே மாலைச் சூரியன், ஓரத்தில் ஒரு படகு. கரையில் நிஜமாகவே நிற்கும் மின்கம்பத்தை ஒருமுறை வரைந்தேன். வாங்க வந்தவர் முகம் சுளித்தார். மேலே பச்சை பூசிப் புதராக்கிக் கொடுத்தேன். தெரிந்தவர்கள் என்பதால் விலை பேசவும் கூச்சம். “சும்மா ஒண்ணு வரைஞ்சு கொடேன், உனக்கு அரை மணி நேர வேலைதானே” என்பார்கள். மறுத்தால் நாளைக்கும் அவர்கள் முகத்தில்தானே விழிக்க வேண்டும்? சில மாதங்களாக எனக்கென்று வரைய உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. ஆர்டர் படம் மட்டும் மடமடவென்று முடிந்துவிடுகிறது. என்னிடம் இருந்த சரக்கு தீர்ந்துவிட்டதா?

பதில்: சரக்கு தீர்ந்தவர் புதரான கம்பத்தை இத்தனை நாள் நினைவில் வைத்திருக்க மாட்டார்.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தாமாகவே ஆசையாக வரையும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம் மட்டும், வரைந்தால் பரிசு என்று முன்பே சொன்னார்கள். அப்புறம் பரிசுப் பேச்சே இல்லாமல் விளையாட விட்டபோது, மற்ற குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் இவர்கள் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. உங்களுக்கும் கிட்டத்தட்ட இதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தூரிகையைத் தொட்டதுமே ‘இதை யார் வாங்குவார்?’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஏரி மேல் பழி போடாதீர்கள். பிரெஞ்சு ஓவியர் செசான் தன் ஊர்ப்பக்கத்து சான்ட் விக்துவார் மலையை முப்பது தடவைக்கு மேல் வரைந்தார். சொந்த ஊரில் அவருக்குப் பெரிய மரியாதையும் இல்லை. (பேங்கர் அப்பாவின் சொத்து இருந்தது, வாங்குபவரின் முகம் பார்க்கத் தேவையில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

உங்களுக்கு ஆர்டர்தான் சோறு, அதை விட வேண்டாம். ஆனால் அளவு வாரியாக விலையை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இலவசம் கேட்பவரிடம் அந்தத் தாளைக் காட்டினால் போதும், விளக்கம் சொல்லத் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். ஒருசிலர் முறுக்கிக்கொள்வார்கள்தான், சின்ன ஊரில் அது கொஞ்ச நாள் கசக்கும்.

இன்னொன்று, உள்ளங்கை அளவில் ஒரு நோட்டு. கம்பம், பாசி, கரையில் கிடக்கும் குப்பை, எதை வேண்டுமானாலும் அதில் வரையுங்கள். கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டில்கூடக் காட்டாதீர்கள். இருபது நிமிடம் ஆனதும், நன்றாக வந்துகொண்டிருந்தாலும் மூடிவிடுங்கள். முதலில் வருவதெல்லாம் கிறுக்கலாகத்தான் இருக்கும், கிழித்துப் போடாதீர்கள்.

தூக்கம், பசி பற்றி நீங்கள் எழுதவில்லை. வரைவதில் மட்டுமல்லாமல் எதிலுமே பிடிப்பில்லாமல், தூக்கமும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால் நோட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம், மனநல மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு.