சிறு வயதிலேயே கணினியைத் தொடாதவர் பின்தங்கியவரா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. குழுவில் உள்ளவர்கள் எட்டு, பத்து வயதிலேயே நிரல் எழுதியவர்கள். நீங்கள் கல்லூரிக்குப் போன பிறகுதான் கணினியைத் தொட்டீர்கள். அவர்கள் பேசும்போது வாய் திறக்கவே கூசுகிறது. இந்த இடைவெளி என்றைக்காவது அடைபடுமா என்று கேட்கிறீர்கள். கூடவே, சில பயனர்களுக்கு மட்டும் தேதி ஒரு நாள் முந்திக் காட்டுகிறது, நான்கு நாளாக அந்தப் பிழையோடு தனியாக மல்லுக்கட்டுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்தது அந்த இரண்டாவது செய்திதான்.

நான் சிறு வயதிலேயே தொட்டவன். 1986இல், பன்னிரண்டு வயதில், பள்ளியில் பிபிசி மைக்ரோ. 32 கிலோபைட் நினைவகம். வாரத்துக்கு இருபது நிமிடம், அதுவும் இரண்டு பேருக்கு ஒரு கணினி. அதனால் நிரலை எல்லாம் நோட்டில்தான் எழுதினேன். வரிகளுக்கு 10, 20, 30 என்று எண் போடுவோம், நடுவில் ஒரு வரி செருக வேண்டியிருந்தால் இடம் இருக்கட்டும் என்று. பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போய், இந்த இடத்தில் இந்த மாறியின் (மதிப்பைச் சேமிக்க நிரலில் வைக்கும் பெயர்) மதிப்பு என்ன என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வருவேன். ஒரு நாள் படம் வரையும் நிரல் ஒன்று ‘நோ ரூம்’ (இடமில்லை) என்று சொல்லி நின்றுவிட்டது. நுணுக்கமாகக் கோடு வரையும் ‘மோடு 0’ என்ற திரை வகையில் திரை மட்டுமே 20 கிலோபைட்டை எடுத்துக்கொள்கிறது, எழுத்து மட்டும் காட்டும் மோடு 7க்கு ஒரு கிலோபைட் போதும் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. திரையும் நிரலும் ஒரே பானையிலிருந்துதான் எடுத்துச் சாப்பிடுகின்றன. அந்த மகிழ்ச்சி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதன் பிறகு டாஸ் இயங்குதளம், கல்லூரியில் சி நிரல்மொழி, நெகிழ்வட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி நிறுவிய லினக்ஸ் இயங்குதளம். கடைசி வட்டு பழுதாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து. வேலைக்கு விண்ணப்பித்தபோது, கணினி விஷயத்தில் எனக்குத் தெரியாதது குறைவு என்றே நம்பினேன்.

1998இல் நானும் வெளிநாட்டு வேலைக்கு இங்கே வந்தேன். ஆண்டை இரண்டு இலக்கமாக வைத்திருந்த பழைய நிரல்களை, கோபால் (COBOL) என்ற நிரல்மொழியில் எழுதியவற்றை, 2000க்குள் திருத்தும் வேலை. ஒரு நிரலில், ஆண்டுக்கு நான்கு இலக்கம் வைத்த புதிய புலத்தின் (தரவு வைக்கும் இடத்தின்) பெயர் பழையதைவிட ஓர் எழுத்து நீளம். பெயரை மாற்றினேன். நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் தொகுப்பான் அதைச் சிக்கலில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு தொகை மட்டும் தவறாக வந்தது. வரியைப் பார்த்தால் ‘100ஆல் பெருக்கு’ என்று கண்ணெதிரே இருக்கிறது. இரண்டு நாள் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து நிரல் எழுதுகிறவனுக்கு இது தெரிய வேண்டாமா என்ற நினைப்பே என் வாயைக் கட்டிப்போட்டது.

மூன்றாம் நாள் பக்கத்து மேசைக்காரர் தாமாகவே வந்தார். வரியை அவர் பார்க்கவே இல்லை. சரியான தொகையையும் தவறான தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னார். “சரியாகப் பத்தில் ஒரு பங்கு. எங்கோ ஒரு பூஜ்யம் விழுந்திருக்கிறது” என்றார். பிறகு திரையில் விரலை வைத்துக் கட்டங்களை எண்ணினார். கடைசிப் பூஜ்யம் 73ஆவது கட்டத்தில் இருந்தது. அந்தக் காலக் கோபாலில் நிரல் 72ஆவது கட்டத்தோடு முடிந்துவிடும். ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று முன்பு நிரலைப் பதிந்த, 80 கட்டங்கள் கொண்ட துளை அட்டையில் கடைசி எட்டும் அடையாளக் குறிப்புக்கு ஒதுக்கியவை, தொகுப்பான் அவற்றைப் படிக்காது. நான் சேர்த்த ஓர் எழுத்து பூஜ்யத்தை எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டது. என் கண்ணுக்கு 100, கணினிக்கு 10.

அவர் கணினியை முதன்முதலாகத் தொட்டது முப்பது வயதுக்கு மேல். அதற்கு முன் கணக்கெழுதும் வேலையில் இருந்தவர். பேரேட்டில் தொகை ஒத்துப்போகாத நாள்களில் பழகிய கண் அது. எனக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னதாகத் தொடங்கியும் வாய்க்காத கண்.

குழுத் தலைவர் அந்தப் பிழைக்காக என்னை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் ஏன் சொல்லாமல் இருந்தாய் என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி அப்போது சுட்டது. இங்கே தெரியாது என்று சொல்வதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் இருந்தால்தான் அடுத்த முறை நம்பி வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள். கேட்கும்போது எதை எதிர்பார்த்தேன், என்ன வந்தது, இதுவரை என்னென்ன செய்து பார்த்தேன் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பாதி நேரம் எழுதும்போதே விடை கிடைத்துவிடும். உங்கள் நிரலை மற்றவர்கள் பார்த்து இருபது குறிப்பு எழுதினால், அது அவர்கள் உங்களுக்காகச் செலவிட்ட நேரம். மனம் வாட வேண்டாம்.

அவர்கள் சிறுவயதுக் கணினிகளைப் பற்றிப் பேசினால் ஒதுங்காதீர்கள், கேளுங்கள். அவ்வளவு சிறிய நினைவகத்தில் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்து சொல்வார்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் பழைய நாள்களின் மேல் உள்ள பாசம். ஆனால் பென்சிலால் வரிவரியாக நிரலை நடத்திப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்மையிலேயே பயன் தருவது. அதற்குக் காகிதம் போதும், எந்த வயதிலும் தொடங்கலாம். நானும் அந்த இரண்டு நாளில் அதை மறந்துதான் போனேன்.

உங்கள் தேதிப் பிழைக்கு வருகிறேன். தேதி தவறுகிற பயனர்கள் எல்லாரும் கிரீன்விச்சுக்கு மேற்கே, அதாவது உலகப் பொது நேரத்துக்குப் (UTC) பின்தங்கிய நேர வலயங்களில், இருக்கிறார்களா என்று பாருங்கள். நேரம் இல்லாமல் ஆண்டு-மாதம்-நாள் என்று மட்டும் எழுதிய தேதியை, இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். அந்த வலயங்களில் இருப்பவருக்கு அப்போது இன்னும் முந்தைய நாளாகவே இருக்கும். உங்கள் கணினியின் நேர வலயத்தை மேற்கே மாற்றிவிட்டு அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிழை வந்தாலும் வராவிட்டாலும், கண்டதை நான்கு வரியில் எழுதிக்கொண்டு நாளைக் காலை முதல் வேலையாகப் பக்கத்தில் இருப்பவரிடம் போங்கள். ஐந்தாவது நாளையும் தனியாகக் கழிக்க வேண்டாம்.