சொல் இல்லாத ஞானப்பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

ஞானப்பாட்டு (கிறிஸ்தவ வழிபாட்டுப் பாட்டு) மெட்டுகளைக் கான்சர்ட் பேண்டுக்கு, அதாவது மரக்குழல், பித்தளை, தாள வாத்தியங்கள் சேர்ந்த குழுவுக்கு, ஏற்றவாறு எழுதுவது குறித்து வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: ஞானப்பாட்டுப் புத்தகத்தில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என மேலிருந்து கீழாக நான்கு குரல்களும் தயாராகவே அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றை அப்படியே வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் பேண்டுக்கான இசை ஆகிவிடாதா?

பதில்: ஒத்திகையின் தொடக்கத்தில் கைகளையும் உதடுகளையும் பதப்படுத்துவதற்கு அது போதும், மேடைக்குப் போதாது. ஃப்ளூட், முதல் கிளாரினெட், முதல் ட்ரம்பெட் ஆகியவற்றுக்குச் சோப்ரானோ, கீழ்க் கிளாரினெட்டுகளுக்கும் ஹார்னுக்கும் ஆல்டோ, ட்ராம்போனுக்கும் டெனர் சாக்ஸஃபோனுக்கும் டெனர், டியூபாவுக்குப் பேஸ் என்று பிரிப்பதில் தவறில்லை. ஆனால் புத்தகத்தின் அந்தப் பக்கம் ஒரு சபை சொற்களைப் பாடுவதற்காக எழுதப்பட்டது. நான்கு சரணங்களுக்கும் ஒரே சுரங்கள் திரும்பத் திரும்ப வந்தும் பாடுகிறவருக்குச் சலிக்காமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு சரணத்திலும் சொல் மாறிக்கொண்டே இருப்பதுதான். பேண்டில் முதலில் காணாமல் போவது அந்தச் சொல். அது இருந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்பப்போகிறோம் என்பதே எழுதுகிறவர் முன்னால் இருக்கும் கேள்வி. பெரும்பாலான எழுத்துகள் அந்த இடத்தைச் சத்தத்தால் நிரப்பிவிடுகின்றன.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. டெனர் வரியை ஃப்ளூட்டுக்கு ஒரு ஸ்தாயி மேலே எழுதினால் வண்ணம் கூடும் என்று தோன்றும். அப்படி எழுதியவுடன் அந்த வரி பல இடங்களில் மெட்டுக்கு மேலே ஏறிவிடும். கேட்பவரின் காது எப்போதும் உச்சியில் ஒலிப்பதையே மெட்டு என்று எடுத்துக்கொள்வதால், தெரிந்த பாட்டுக்கூட அடையாளம் தெரியாமல் போகும். நான் முதன்முதலில் எழுதிய ஞானப்பாட்டில் இதே பிழையைச் செய்தேன். ஒத்திகை முடிந்ததும் டியூபா வாசித்தவர் அருகில் வந்து, "ஐயா, இது எந்தப் பாட்டு?" என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார்.

அடிப்பகுதியில் ஆபத்து வேறு விதமானது. பேஸ் வரியை டியூபா ஒரு ஸ்தாயி கீழே இரட்டித்தால் முழு பேண்டுக்கும் நல்ல தரை கிடைக்கும். ஆனால் டெனரையும் சேர்த்துக் கீழே இறக்கினால், அடிச் சுரத்துக்கும் அதன் மூன்றாவது சுரத்துக்கும் இடையே இடைவெளி குறைந்து ஒலி சேறாகக் கலங்கிவிடும். கீழே விரிவாகவும் மேலே நெருக்கமாகவும் அடுக்குவது பழைய விதியே எனினும், நான்கு குரல்களும் நெருங்கி நிற்கும் பக்கத்தைப் பார்த்து எழுதும்போது அது எளிதில் மறந்துவிடுகிறது.

கேள்வி: எந்த ஸ்கேலில் எழுதுவது?

பதில்: அச்சில் உள்ள ஸ்கேலைக் கட்டாயமாகக் கருத வேண்டியதில்லை. ஒரு பாட்டு ஈ மேஜரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளாரினெட்டுக்கும் ஆல்டோ சாக்ஸஃபோனுக்கும் ஒலிக்க வேண்டிய சுரத்தைவிட உயர்த்தியே எழுத வேண்டும் என்பதால், அதை மாற்றாமல் எழுதினால் கிளாரினெட்காரருக்கு ஆறு ஷார்ப்பும் (அரைச் சுரம் உயர்த்தும் குறி) ஆல்டோ சாக்ஸஃபோன்காரருக்கு ஏழு ஷார்ப்பும் வந்து விழும். அரைச் சுரம் இறக்கி ஈ ஃப்ளாட்டில் வைத்தால் முன்னவருக்கு ஒரே ஒரு ஃப்ளாட் (அரைச் சுரம் இறக்கும் குறி), பின்னவருக்கு எதுவுமே இல்லை. ஸ்கேலை முடிவு செய்யும் முன் மெட்டின் உயரத்தையும் பார்க்க வேண்டும். 1551-இல் ஜெனீவாவின் சங்கீதப் புத்தகத்தில் (பைபிளின் சங்கீதங்களைப் பாட்டாக்கிய தொகுப்பு) வெளிவந்ததும், லூயி பூர்ஷ்வா அமைத்ததாகக் கருதப்படுவதுமான ‘ஓல்டு ஹண்ட்ரட்’ மெட்டு சரியாக ஒரு ஸ்தாயிக்குள் அடங்குகிறது. அதை பி ஃப்ளாட்டில் வைத்தால் ட்ரம்பெட் பிரகாசமாகவும், எஃப்-இல் வைத்தால் சற்று அடங்கியும் ஒலிக்கும். எது வேண்டும் என்பதை அந்தச் சரணம் சொல்லவருவதைக் கொண்டு முடிவு செய்யலாம்.

கேள்வி: நான்கு சரணங்களையும் வாசித்தால் கேட்பவர்கள் சலித்துவிடுகிறார்கள். சரணத்துக்கு ஒரு முறை ஸ்கேலை அரைச் சுரம் உயர்த்தும் வழியைத் தவிர வேறு வழி இல்லையா?

பதில்: ஒரு முறை உயர்த்தினால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார், இரண்டாம் முறை உயர்த்தினால் கடைசிச் சரணத்தில் இன்னொன்று வரப்போகிறது என்பதை அவரே ஊகித்துவிடுவார். வேறு வழிகள் நிறைய இருக்கின்றன. மெட்டை இடம் மாற்றுவது அவற்றுள் மிக எளியது. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளின் சங்கீதப் புத்தகங்கள் பலவற்றில் மெட்டு மேற்குரலில் இல்லாமல் டெனரிலேயே இருந்தது. எனவே மெட்டை டெனர் உயரத்தில் ஒலிக்கும் பித்தளை வாத்தியமான யூஃபோனியத்திடம் கொடுத்துவிட்டு, மேலே கிளாரினெட்டுகள் இழைவதுபோல எழுதுவது புதுமை அன்று. பழைய வழக்கத்துக்குத் திரும்புவதே ஆகும். மூன்றாம் சரணத்துக்கு அது மிகவும் பொருந்தும்.

வாத்தியங்களைக் குறைப்பது அடுத்த வழி. ஐம்பது பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதற்காக ஐம்பது பேரும் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஒரு சரணத்தை நான்கு கிளாரினெட்டுகள் மட்டும் வாசிக்க, மற்றவர்கள் காத்திருந்து அடுத்த சரணத்தில் சேரும்போது கிடைக்கும் விரிவை எந்த ஸ்கேல் மாற்றமும் தர முடியாது. சிறிய பேண்டுகளில் ஓபோ, பசூன் போன்றவை பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், தனி வாசிப்பை அவற்றிடம் ஒப்படைக்கும் இடங்களில் வேறொரு வாத்தியத்தின் பார்ட்டிலும் (அதற்கான இசைத்தாளிலும்) அந்த வரியைச் சிறிய எழுத்தில் குறித்துவைப்பது நல்லது.

இனி, தேர்ந்தவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்க்கலாம். வில்லியம் பில்லிங்ஸ் 1770-இல் வெளியிட்ட ‘செஸ்டர்’ மெட்டை எடுத்து, வில்லியம் ஷூமன் 1956-இல் பேண்டுக்கு ஒரு ஓவர்ச்சர் (தொடக்க இசை) எழுதினார். அதில் மெட்டு முதலில் மரக்குழல்களில் பணிவாக ஒலிக்கிறது. பிறகு பித்தளை வாத்தியங்கள் அதை ஏற்கின்றன. அதற்குப் பின்னரே வேகம் பிடித்து, மெட்டைத் துண்டுதுண்டாக உடைத்து விளையாடுகிறார். முழு வடிவத்தை மனத்தில் ஊன்றியபின் உடைப்பதால், எந்தத் துண்டு வந்தாலும் அது எதன் துண்டு என்பது கேட்பவருக்குத் தெரிகிறது.

செக் நாட்டில் பிறந்த இசையமைப்பாளர் காரெல் ஹூசா இதற்கு எதிர்த் திசையில் நடந்தார். 1968 ஆகஸ்டில் அந்நியப் படைகள் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகுக்குள் நுழைந்ததை ஒட்டி அவர் எழுதிய ‘மியூசிக் ஃபார் பிராக் 1968’ என்னும் படைப்பில், ஹஸ்ஸைட்டுகள் (யான் ஹஸ்ஸைப் பின்பற்றிய செக் சமயச் சீர்திருத்தக்காரர்கள்) பாடிய பதினைந்தாம் நூற்றாண்டுப் போர்க்கீதம் ஒன்று இழையாக ஓடுகிறது. தொடக்கத்தில் பெரிய கிண்ண முரசான டிம்பனி அதை மிக மென்மையாகத் தொட்டுக்காட்டுகிறது. இறுதியில் அது ஒரே குரலாக எழுகிறது. முழுப் பாட்டு மட்டும் ஓரிடத்திலும் வருவதில்லை. பாட்டை முன்பே அறிந்தவருக்கு அந்த மறைப்பு நெஞ்சைப் பிசையும். அறியாதவருக்கும், எதுவோ ஒன்று வாய்விட்டு வரத் துடிக்கிறது என்பது புரியும்.

மூன்றாவது உதாரணம் மென்மையானது. 1873-இல் நடந்த கப்பல் விபத்தில் நான்கு மகள்களை இழந்த ஹொரேஷியோ ஸ்பஃபர்டு எழுதிய பாட்டுக்கு, ஃபிலிப் பிளிஸ் 1876-இல் மெட்டமைத்து, மூழ்கிய கப்பலின் பெயரையே ‘வில் து ஆவ்ர்’ என்று அந்த மெட்டுக்குச் சூட்டினார். டேவிட் ஹோல்ஸிங்கர் 1989-இல் அதைப் பேண்டுக்கு எழுதியபோது ஆரவாரத்தைத் தவிர்த்து, மெட்டை அமைதியாகவே நடத்திச் சென்றார். அந்தக் கதையை அறிந்த எவரும் அங்கே ஸ்னேர் டிரம்மைத் தேட மாட்டார்.

எளிய மெட்டை அலங்கரித்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டுக்கு இன்று பாடப்படும் ‘நியூ பிரிட்டன்’ மெட்டு ஐந்தே சுரங்களில் நிற்கிறது. நம் மோகன ராகத்தின் சுரங்களும் அவையே. ஃபிராங்க் டிகெலி 1994-இல் அதைப் பேண்டுக்கு எழுதியபோது, அந்த எளிமையைக் கலைக்காமல் ஏறி இறங்கும் ஒரே நீண்ட அலையாக அமைத்தார். நுணுக்கமான ஹார்மனி (சுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கும் முறை) தெரியும் என்பதைக் காட்டுவதற்கு இதுபோன்ற மெட்டு ஏற்ற இடம் அன்று.

கேள்வி: ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் அமைத்த கோரல்களில் (சபைப் பாட்டுகளில்) ஒவ்வோர் அடியின் முடிவிலும் நிறுத்தக் குறி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நீட்டி நிறுத்த வேண்டுமா?

பதில்: வேண்டாம். அங்கே அந்தக் குறி அடி முடிந்ததையும் மூச்சு எடுக்கலாம் என்பதையும்தான் காட்டுகிறது. முதல் சரணத்தின் சொற்களை வாத்தியக்காரர்களின் பார்ட்டுகளில் சுரங்களுக்குக் கீழே எழுதிக்கொடுங்கள். எந்த அடி அடுத்ததோடு சேர்கிறது, எது தனித்து நிற்கிறது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். இரண்டு அடிகள் சேரும் இடத்தில் எல்லோரும் ஒன்றாக மூச்செடுத்தால் வாக்கியம் உடையும் என்பதால், பக்கத்தில் இருப்பவர் வாசிக்கும்போது தாம் மூச்செடுக்கும் முறையை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எல்லோரும் ட்யூனரை (சுருதியை முள்ளால் காட்டும் கருவி) பார்த்துத்தான் சுருதி சேர்க்கிறார்கள். ஆனாலும் மெதுவான ஞானப்பாட்டில் கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) கூடாமல் உரசுகின்றன. என்ன காரணம்?

பதில்: ட்யூனர் சமமாகப் பங்கிட்ட பன்னிரண்டு அரைச் சுரங்களைக் காட்டுகிறது, நீண்டு நிற்கும் ஒரு கார்டில் காது வேறொன்றைத் தேடுகிறது. மேஜர் கார்டின் மூன்றாவது சுரம் ட்யூனர் காட்டும் இடத்திலிருந்து சுமார் 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு) கீழே அமரும்போதுதான் அதிர்வு அடங்கி கார்டு ஒட்டிக்கொள்கிறது. மைனர் கார்டில் அதே சுரம் சுமார் 16 சென்ட் உயர வேண்டும். ஐந்தாவது சுரத்துக்கு வேறுபாடு 2 சென்ட் மட்டுமே. வேகமான மார்ச்சில் இது கவனத்துக்கே வராது. ஞானப்பாட்டில் ஒளிய இடம் கிடையாது. ட்ரம்பெட்டில் முதல், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தும் சுரங்கள் இயல்பாகவே சற்று உயர்ந்து ஒலிப்பதால், அவற்றை இறக்குவதற்கு மூன்றாவது ஸ்லைடை (இழுத்து நீட்டும் குழாய்) நீட்டும் பழக்கம் இல்லாதவர்களை அங்கே முதலில் கவனியுங்கள்.

பயிற்சி ஒன்று சொல்கிறேன். கடைசி கார்டை மட்டும் எடுத்து, முதலில் டியூபா அடிச் சுரத்தை நிறுத்தட்டும்; அதன்மேல் ஐந்தாவது சுரக்காரர்கள் சேர்ந்து அமைதியானபின், மூன்றாவது சுரக்காரர்கள் மிக மெல்லிய ஒலியில் நுழையட்டும். அவர்கள் தம் சுரம் எங்கே போய் உட்காருகிறது என்பதை ஒருமுறை உடம்பில் உணர்ந்துவிட்டால், முள்ளைப் பார்ப்பதை அவர்களாகவே விட்டுவிடுவார்கள்.

கேள்வி: மெட்டுகள் பழையவைதானே? யாரிடமும் அனுமதி பெறாமல் எழுதலாமா?

பதில்: மெட்டுக்கு மெட்டு பார்க்க வேண்டும். ‘ஓல்டு ஹண்ட்ரட்’ எவருக்கும் சொந்தம் இல்லை. ஆனால் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் 1906-இல் வெளியிட்ட ‘சினே நோமினே’ மெட்டைப் பாருங்கள். அவர் 1958-இல் இறந்தார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள்வரை உரிமை உண்டு என்னும் நாடுகளில் அது 2018 முடிவோடு நீங்கிவிட்டது. 70 ஆண்டுகள் என்னும் நாடுகளில் 2028 முடியும்வரை நிற்கிறது. மெட்டு பழையதாக இருந்தாலும், புத்தகத்தில் அதற்கு அமைத்திருக்கும் ஹார்மனி புதியவர் ஒருவருடையதாக இருக்கலாம் என்பதே பலர் சறுக்கும் இடம். இன்னொருவர் பேண்டுக்கு எழுதி அச்சிட்டதைப் பார்த்து எழுதுவதும் கூடாது. பழைய பதிப்பில் உள்ள மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஹார்மனியை நீங்களே அமைப்பது பாதுகாப்பான வழி.

கேள்வி: தாளவாத்தியக்காரர்களுக்கு வேலையே இல்லையே!

பதில்: முழுப் பாட்டுக்கும் சும்மா இருக்கச் சொன்னால் அடுத்த ஒத்திகைக்கு வரமாட்டார்கள். கடைசிச் சரணத்துக்குள் நுழையும் இரண்டு அடிகளில் டிம்பனியின் உருட்டல், அதன் உச்சியில் ஒரே ஒரு தொங்கும் சிம்பல், அதுவும் மென்மையான குச்சியால். இடையில் ஒரு சரணத்தில் மெட்டின் முதல் சுரங்களை மட்டும் மணிகளில் கொடுத்துப்பாருங்கள்.