கேள்வி – பதில்: நிறையாத குடம்

கேள்வி: சென்ற மாதம் ஒரு பேய்ப் படத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு இடங்களில் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் படம் முடிந்ததும் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். சிறுவயதில் அப்பாயி (அப்பாவின் அம்மா) சொன்ன, பீலிக்கரையில், அதாவது ஊரார் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், நடக்கும் கதையோ இன்னும் என்னை விடவில்லை. நேரங்கெட்ட நேரத்தில் ஒருத்தி முதுகைக் காட்டிக் குனிந்து தண்ணீர் பிடிக்கிறாள், குடம் நிறையவேயில்லை, அவ்வளவுதான் கதை. கோடிக்கணக்கில் செலவழித்த படத்தால் ஆகாதது அப்பாயியால் எப்படி ஆயிற்று? (வாசகி, கொட்டகலை)

பதில்: படம் உங்களைத் திடுக்கிட வைத்தது, அப்பாயி உங்களைப் பயப்பட வைத்தார். இரண்டும் வேறு வேறு. அமைதியான காட்சியில் திடீரென்று பெருஞ்சத்தம் எழுந்தால் கண் இமைப்பதும் தோள் குலுங்குவதும், அது என்ன சத்தம் என்று நாம் அறிவதற்கு முன்பே உடம்பு தானாகச் செய்துவிடும் காரியங்கள். அடுப்படியில் சட்டி விழுந்தாலும் இதே உடம்பு இதையேதான் செய்யும். அதற்குப் பேய் தேவையில்லை. அதே அதிர்ச்சி திரும்பத் திரும்ப வந்தால் உடம்பு பழகியும் விடுகிறது. ஐந்தாவது தடவை கதவு படாரென்று அடித்தபோது நீங்கள் பயந்திருக்கமாட்டீர்கள், எரிச்சல்தான் பட்டிருப்பீர்கள்.

பயம் என்பது இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றியது. இயக்குநர் ஹிட்ச்காக் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: மேசையைச் சுற்றியிருந்து சிலர் பேசிக்கொண்டிருக்க, அடியிலிருந்த குண்டு எவரும் எதிர்பாராமல் வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது 15 வினாடி அதிர்ச்சி, குண்டு இருப்பதையும் அது வெடிக்கும் நேரத்தையும் முன்கூட்டியே நமக்குக் காட்டிவிட்டு, அவர்களை மட்டும் ஊர்க்கதை பேசவிட்டால், கிடைப்பது 15 நிமிடத் தவிப்பு.

உங்கள் அப்பாயிக்கு ஹிட்ச்காக்கைத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் கதையின் உள்வேலை தெரிந்திருக்கிறது. பீலியில் குடம் வைத்த எவருக்கும், நிறைய நிறையத் தண்ணீர் விழும் ஓசை மாறிக்கொண்டே போவது தெரியும். வேறு பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாலும் அந்த ஓசை மெலிந்து உச்சத்துக்கு ஏறும்போது கை தானாகக் குடத்தை எடுத்துவிடும். நிறையாத குடம் என்று அவர் சொன்னதும், மாறவே மாறாத ஓர் ஓசை உங்கள் காதுக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தை அவர் சொல்லாமல் விட்டதும் தற்செயலல்ல. சொல்லியிருந்தால் அது அப்பாயியின் பேயாகவே இருந்திருக்கும். சொல்லாததால், அவள் திரும்பினால் எப்படியிருப்பாள் என்பதை ஒவ்வொரு வயதிலும் நீங்களே வரைந்துகொள்கிறீர்கள். படத்தில் வந்த பாழடைந்த மாளிகைக்கு நீங்கள் ஒருநாளும் போகப்போவதில்லை, பீலிக்கரைக்கோ மறுநாள் மாலையே குடத்தோடு போயாக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறைத்து வைப்பதன் வலிமையைச் சினிமா சில வேளைகளில் விபத்தாகவே கற்றுக்கொண்டது. 1975இல் வெளிவந்த ‘ஜாஸ்’ படத்துக்காகச் செய்யப்பட்ட இயந்திரச் சுறா கடல் நீரில் அடிக்கடி பழுதானதால், இயக்குநர் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டவேண்டிய இடங்களில் நீர்ப்பரப்பையும் மிதக்கும் பீப்பாய்களையும் இரண்டே சுரங்களில் நெருங்கி வரும் இசையையும் வைத்துச் சமாளித்தார். அதன் முழு உருவத்தை நாம் பார்ப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இயந்திரம் ஒழுங்காக வேலை செய்திருந்தால் படம் இவ்வளவு பயமுறுத்தியிருக்குமா என்பது சந்தேகமே.

கேள்வி: பயங்கரக் காட்சி வரும்போது சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டால் பயமே வருவதில்லை. இது எனக்கு மட்டுமா? (வாசகர், பண்டாரவளை)

பதில்: எல்லோருக்கும்தான். பயந்தவர்கள் கண்ணைப் பொத்துகிறார்கள்; பொத்த வேண்டியது காதை. 1960இல் வந்த ‘சைக்கோ’வின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். தந்தி வாத்தியங்களை மட்டும் கொண்டு அந்தப் படத்துக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன், வயலின்கள் கிறீச்சிடும் ஒரு பகுதியை எழுதிக் கேட்கச் செய்தபின் ஹிட்ச்காக் மனம் மாறினார். இன்று அந்தக் காட்சியைப் பார்க்காதவருக்கும் அந்த ஓசை தெரியும்.

கேள்வி: நமது தமிழ்ப் பேய்ப் படங்கள் முதல் பாதியில் பயமுறுத்திவிட்டு, இடைவேளைக்குப் பிறகு அழ வைக்கின்றனவே, ஏன்? (வாசகர், பதுளை)

பதில்: இடைவேளைக்குப் பிறகு பேய்க்கு முன்கதை வந்துவிடுவதால். யாரோ ஏமாற்றினார்கள், நிலத்தைப் பறித்தார்கள், கொன்றார்கள் என்று அது தன் வழக்கைச் சொன்னதும், நாம் அதன் பக்கம் சேர்ந்து வில்லன் எப்போது சாவான் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுகிறோம். நீதி கேட்கும் ஆவியை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது நம் மரபில் ஊறியது. ஆனால் அதன் கோரிக்கை தெரிந்தவுடன் அதைத் தீர்த்துவைக்கும் வழியும் தெரிந்துவிடுகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரக் காவல் தெய்வமான ரோதமுனிக்குப் பயப்படுகிறவர்கள்கூட, கொடுக்கவேண்டியதைக் கொடுத்தால் அவர் காவல் காப்பார் என்ற நம்பிக்கையோடுதான் இயந்திரத்தின் அருகே நிற்கிறார்கள்.

2009இல் வந்த ‘யாவரும் நலம்’ நெடுநேரம் இந்தப் பொறியில் சிக்காமல் தப்பியது. அதிலும் முன்கதை உண்டு. ஆனால் அதற்கு முன், புதுவீட்டுத் தொலைக்காட்சியில் ஓடும் ஒரு குடும்பத் தொடரில் தன் வீட்டில் நடப்பவையே நடப்பதைக் கதாநாயகன் காண்கிறான். நம் வீடுகளிலெல்லாம் மாலையில் ஓடும் சாதாரணத் தொடர் என்பதால்தான் அது உறைத்தது.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து கைத்தொலைபேசியில் ஒரு பேய்க் குறும்படம் எடுக்கப்போகிறோம். கிராபிக்ஸுக்குப் பணமில்லை, இருப்பது ஒரு பழைய லயமும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வேண்டிய அளவு மூடுபனியும்தான். ஆலோசனை கூறுவீர்களா? (வாசகர், ஹட்டன்)

பதில்: பணம் இல்லாதது நல்லது. மூடுபனியை மறந்துவிடுங்கள், வெளியூரார் அதைக் கண்டு மிரளலாம், பனிக்குள்ளேயே பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்) போய் வருகிறவர்களுக்கு அது வெறும் காலநிலை. வெள்ளைச் சேலையும் கொலுசுச் சத்தமும் வேண்டாம், துரை பங்களாவும் வேண்டாம்.

லயத்தையே நம்புங்கள். காம்பராவுக்கும் காம்பராவுக்கும், அதாவது ஒரு குடும்பத்தின் அறைக்கும் அடுத்ததன் அறைக்கும், இடையே ஒற்றைச் சுவர்; அடுத்த வீட்டு இருமலும் அவர்கள் சட்டி சுரண்டுவதும் நமக்கு மனப்பாடம். அந்தக் குடும்பம் கொழும்புக்கு வேலைக்குப் போய்க் காம்பராவுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது என்பதை முதலில், பகல் வெளிச்சத்தில், சாதாரணமாகக் காட்டுங்கள். பிறகு ஓர் இரவில், தகரத்தில் கொட்டிய மழை சட்டென்று நின்றபின், வழக்கமான நேரத்தில் வழக்கமான இருமல் கேட்கட்டும். உங்கள் கதாநாயகன் கத்தவேண்டாம், எழுந்து ஓடவும் வேண்டாம். வாயருகே கொண்டுபோன தேநீர்க் கோப்பையை அப்படியே பிடித்தபடி, இன்னொரு தடவை கேட்கிறதா என்று காத்திருக்கட்டும். கமராவும் அவனோடு காத்திருக்கவேண்டும். அந்தப் பூட்டைக் கடைசி வரை திறக்காதீர்கள்.

கைத்தொலைபேசி இருட்டைக் கண்டால் தானாக வெளிச்சத்தைக் கூட்டிப் படத்தைப் புள்ளி புள்ளியாக்கிவிடும். திரையை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு, ஒரேயொரு குப்பி விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். ஒருவரை மூடிய காம்பராவுக்குள் நின்று இருமவிட்டு, அதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து தனியாகப் பதிவு செய்யுங்கள், வாயருகே வைத்துப் பதிந்தால் சுவர் இருப்பது தெரியாது. இருமுவது யார் என்பதை நீங்கள் மட்டும் தெரிந்து வைத்திருங்கள். நடிக்கும் பையனுக்கும் சொல்லவேண்டாம்.