டப்பா பாதி அப்படியே திரும்பி வந்தால் என்ன செய்வது?

"பள்ளிக்கூடத்துக்குச் சத்தாக என்ன கட்டிக்கொடுப்பது, எதைக் கொடுத்தாலும் பாதி திரும்பி வருகிறது" என்று கேட்டிருக்கிறீங்க. நாங்கள் கோபிப் பக்கம், வீட்டில் இரண்டு பிள்ளைகள், சின்னவள் யூகேஜி, பெரியவன் ஆறாம் வகுப்பு. என்னைக் கேட்டால் சத்து என்பது இரண்டாவது கேள்விங்க. காலை ஏழரைக்கு மூடிய டப்பா மத்தியானம் பன்னிரண்டரைக்குத் திறக்கும்போது எந்த நிலையில் இருக்கும், கை கழுவ வரிசையில் நின்று வந்து மிச்சமிருக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிள்ளை அதைத் தின்று முடிக்க முடியுமா, இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சப்பாத்தியையே எடுத்துக்கொள்ளுங்க, கோதுமை நல்லதுதான், ஆனால் ஐந்து மணி நேரம் கழித்து அதைப் பிய்த்து மெல்லவே சின்னப் பிள்ளைக்கு நேரம் போய்விடும்.

அதனால் எங்கள் வீட்டில் வாரத்தில் இரண்டு நாள் அரிசிம்பருப்புதான். கொங்கு நாட்டில் இருந்துகொண்டு பிள்ளைச் சாப்பாட்டுக்கு யூடியூப் தேடுவது எனக்குப் புரிவதே இல்லை. சீரகம், பூண்டு, வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், ஒரு தக்காளி எல்லாம் வதக்கி, மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்குக்குக் குறையாமல் துவரம்பருப்பு போட்டுக் குக்கரில் வைத்தால் வேலை முடிந்தது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னக் கூறுகளால் ஆனது; அவற்றில் அரிசியின் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பில் நிறைய இருக்கிறது, பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது, அதனால் இரண்டையும் சேர்த்துத் தின்றால் புரதம் முழுமையாகிவிடும். டப்பாவுக்கு வைக்கும் நாளில் மட்டும் தண்ணீர் வழக்கத்தைவிட அரை டம்ளர் கூட ஊற்றுங்க, ஏனென்றால் ஆற ஆற அது இறுகிக் கட்டியாகிவிடும். மேலே ஒரு ஸ்பூன் நெய் விட்டால் மத்தியானமும் உதிரும்.

சுடச்சுடப் போட்டு உடனே மூடிவிடக் கூடாது. ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகிச் சோற்றிலேயே சொட்டும், பொரியல் நசநசத்துப் போகும், வெயில் காலத்தில் வாடையும் வந்துவிடும். அகலமான வட்டலில் பரப்பிக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் போடுங்க. ராத்திரி மிஞ்சி வெளியிலேயே இருந்த சோற்றைக் காலையில் எலுமிச்சைச் சாதமாகக் கிளறிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம். சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியா விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தயிர்சாதத்துக்கு ஒரு வழி இருக்கிறது: சோற்றைக் குழைய விட்டு, காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு ஸ்பூன் கலந்து விடுங்க, பள்ளியில் திறக்கும்போது புளிப்பு சரியாக இருக்கும். தேங்காய்ச் சட்னி சீக்கிரம் கெட்டுவிடும், இட்லி வைக்கும் நாளில் பொடியும் நல்லெண்ணெயும் போதும்.

முட்டை. நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது, முட்டைக்கா பஞ்சம்? ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். ஆனால் அவித்த முட்டை டப்பாவைத் திறந்ததும் வீசும், பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பிடித்தால் நம் பிள்ளை அதோடு தொடாது. மிளகு போட்டு வெங்காயத்தோடு பொடிமாஸாகக் கிளறி வைத்தால் வாடை அவ்வளவாகத் தெரியாது. அதுவும் ஆகவில்லை என்றால் சாயங்காலம் வீட்டில் கொடுத்துவிடுங்க, எல்லாச் சத்தையும் அந்த ஒரு டப்பாவில் திணிக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? அரசுப் பள்ளி என்றால் சத்துணவிலேயே முட்டை வந்துவிடும், தனியார் பள்ளியில்தான் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காயைப் பெரிதாக நறுக்கித் தனியாக வைத்தால் அது அப்படியே வீடு வந்து சேரும். கேரட், பீன்ஸ் எல்லாம் பொடியாக நறுக்கிச் சாதத்தோடேயே கலந்துவிடுங்க, முருங்கைக்கீரையை ராகி அடையில் போட்டுவிடுங்க. ராகியில் கால்சியம் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கும் மேல், அரிசி அதன் பக்கத்திலேயே வராது. அடை ஆறினால் வறட்டி மாதிரி ஆகும் என்று என் மாமியார் சொல்வார், அது உண்மைதான், மாவைக் கொதித்த தண்ணீரில் பிசைந்து தட்டினால் ஓரளவு மெத்தென்று இருக்கும். கீரை, கொள்ளு வைக்கும் நாளில் இரண்டு கீற்று கொய்யாவோ, சோற்றில் நாலு சொட்டு எலுமிச்சையோ சேர்த்துவிடுங்க, வைட்டமின் சி இருந்தால்தான் அந்த இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

பத்தரை மணி இடைவேளை டப்பாவில்தான் பிஸ்கட் புகுந்துவிடுகிறது. அதைத் தின்றுவிட்டுப் பசியில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மத்தியானச் சோற்றை எப்படித் தின்னும்? கடலை உருண்டை, எள்ளுருண்டை, அவித்த தட்டப்பயறு, வாழைப்பழம் இவற்றில் ஏதாவது ஒன்று, அதுவும் கொஞ்சமாக. எல்கேஜி, யூகேஜி பிள்ளைக்கு முழுத் திராட்சையோ முழுக் கடலையோ, முழுக் கடலை போட்ட உருண்டையோ வைக்காதீங்க, தொண்டையில் சிக்கும், திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டி வைக்கலாம்.

அப்புறம் அளவு. நம் கணக்குக்கு டப்பாவை அமுக்கி நிரப்பினால் அது திரும்பத்தான் வரும். ஒரு வாரம் முக்கால் டப்பா மட்டும் வைத்துப் பாருங்க, காலியாக வந்தால் அடுத்த வாரம் ஒரு கரண்டி கூட்டுங்க. சாயங்காலம் மிச்சத்தைப் பார்த்துத் திட்ட வேண்டாம், எது மிச்சம் என்று மட்டும் பாருங்க. சோறு போய்ப் பொரியல் நின்றால் பொரியலை மாற்றுங்க, இரண்டுமே நின்றால் இடைவேளை டப்பாவில் என்ன வைத்தோம் என்று யோசியுங்க.