ஈரோட்டுக்கு எந்தக் கிழமை வருவது?

கேள்வி: தென்காசியில் சிறிய ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்காக ஈரோட்டில் ஒன்றரை லட்ச ரூபாய்க்குச் சரக்கு எடுக்க எண்ணுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பாவும் உடன் வருகிறார். அவருக்குப் பழைய இடங்களைப் பார்க்க வேண்டும், நல்ல கொங்குச் சாப்பாடும் வேண்டும். கைவசம் இரண்டு நாள்தான் இருக்கிறது. ஊரைச் சுற்றிக்காட்டி, சந்தையில் மொத்த விலைக்கே வாங்கித் தருவதாக ஒருவர் தொலைபேசியில் சொல்லி, முன்பணமாக 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? பணத்தைக் கையில் கொண்டுவருவது சரியா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை காலை ஈரோட்டில் இறங்கி, செவ்வாய் இரவு ரயிலேறும்படி திட்டமிடுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே உங்கள் கவலையில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி பணத்தைப் பற்றியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

திங்கட்கிழமையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பன்னீர்செல்வம் பூங்காவை ஒட்டியுள்ள கனி ஜவுளிச் சந்தையில் நாள்தோறும் திறந்திருக்கும் கடைகளும் உண்டு என்றாலும், கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்து வியாபாரிகள் வந்து குவியும் வாரச் சந்தை திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை நடப்பது. உங்களைப் போன்ற சிறு கடைக்காரருக்கு ரகமும் பேரமும் அந்த இரவில்தான் கிடைக்கும். வெள்ளி, சனியில் வந்தால் வாரச் சந்தையும் இருக்காது; வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை. ஊருக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் வார இறுதியில்தான் வருவார்கள் என்பது தெரிந்தும் இந்த விடுமுறையை யாரும் மாற்றவில்லை. அருங்காட்சியக வாசலில் ஏமாந்து திரும்பும் குடும்பங்களை வெள்ளிதோறும் பார்க்கலாம்.

இனி அந்தத் தொலைபேசி நண்பர். "மொத்த விலைக்கே வாங்கித் தருகிறேன்" என்கிறவருக்குச் சம்பளம் உங்களிடமிருந்து மட்டும் வருவதில்லை. அவர் கூட்டிச் செல்லும் கடை அவருக்கு கமிஷன் தரும். அந்தப் பணம் உங்கள் பில்லில்தான் ஏறும். கனி சந்தையில் பேசுகிற மொழி தமிழ், நீங்களும் தமிழ். கடைகள் வரிசையாக இருக்கின்றன. விலையைக் கேட்டுக்கொண்டே நடக்கலாம். இடையில் ஒருவர் எதற்கு? ஆட்டோக்காரரிடம் "பன்னீர்செல்வம் பார்க்" என்று மட்டும் சொல்லுங்கள். கடையின் பெயரைக் கேட்டால் சொல்லாதீர்கள். அவரே ஒரு கடையின் பெயரைச் சொன்னால் வேண்டாம் என்று இறங்கி நடந்துவிடுங்கள்.

சந்தையில் ஏமாறும் இடம் புடவைக் கட்டின் உள்ளே இருக்கிறது. கடைக்காரர் விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் காட்டும் மேல் புடவை நெருக்கமான நெசவாக இருக்கும். கட்டைப் பிரித்து நடுவிலிருந்து ஒன்றை உருவினால் கரையில் நூல் தளர்ந்தும், துணி சல்லடையாக மெலிந்தும் இருப்பதைக் காணலாம். ஆகவே மேலிருப்பதைத் தொடாமல், நீங்களே எண்ணி மூன்றாவதையும் ஏழாவதையும் எடுங்கள். புடவையை முழுவதும் விரித்து அளக்கச் சொல்லுங்கள். ஐந்தரை மீட்டர் இருக்க வேண்டியது ஐந்தில் முடிந்தால், உங்கள் கடை வாசலில் நின்று பேச்சுக் கேட்கப் போகிறவர் நீங்கள்தான். எட்டு முழ வேட்டிக்கும் இதே சோதனை. "செகண்ட்ஸ்", அதாவது குறையுள்ள இரண்டாம் தரச் சரக்கு, என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பவரிடம் தாராளமாக வாங்கலாம். சொல்லாமல் கலந்து கட்டுகிறவர்தான் ஆபத்து. பில் வேண்டாமென்றால் விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள். அதற்கு மட்டும் இசையாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கைப் பார்சலில் அனுப்ப இ-வே பில் என்ற மின்னணுப் போக்குவரத்துச் சீட்டு வேண்டும்; பில் இல்லாத சரக்கு வழியில் நின்றுவிட்டால் நீங்கள் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு போய்விடும்.

பணத்தைப் பொறுத்தவரை, சாதாரண நாள்களில் ஒன்றரை லட்சத்தைக் கையில் கொண்டுவருவதில் சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. திருடரைப் பற்றிய கவலைதான். ஆனால் ஈரோட்டுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனெனில் வெளியூர் வியாபாரிகள் திரும்பத் திரும்ப விழும் குழி அது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது, ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்துச் சென்றால் பறக்கும் படையினர் பறிமுதல் செய்வார்கள். பொதுத் தேர்தலுக்குத்தானே என்று நினைக்காதீர்கள். ஈரோட்டில் 2021இல் சட்டமன்றத் தேர்தல், 2022இல் மாநகராட்சித் தேர்தல், 2023இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல், 2024இல் மக்களவைத் தேர்தல், 2025இல் மீண்டும் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் என்று ஐந்து ஆண்டுகள் விடாமல் இந்த விதி வந்து போயிருக்கிறது. கனி சந்தையோ அந்தக் கிழக்குத் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. அப்போதெல்லாம் கேரள வியாபாரி வருவதை நிறுத்திவிடுவார், சந்தை காற்றாடும். வேட்பாளரையும் முகவரையும் கட்சிக்காரரையும் மனத்தில் வைத்து எழுதிய வழிகாட்டுதல், பேருந்தில் மடியில் பையை வைத்துக்கொண்டு நைட்டி எடுக்க வரும் பெண்மணியின் மேல் பாய்கிறது. உண்மையாகவே வாக்குக்குக் கொடுக்கப்படும் பணம் எந்தச் சோதனைச் சாவடி வழியாகப் போகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பறிமுதலான தொகையைத் திரும்பப் பெற மாவட்ட அளவில் மூவர் குழு இருக்கிறது; தக்க ஆவணம் காட்டினால் தருவார்கள். ஆனால் தென்காசியிலிருந்து அதற்காக இன்னொரு முறை வந்து, அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து, தீபாவளியையும் தவறவிட வேண்டியிருக்கும்.

ஆகவே புறப்படும் முன் தேர்தல் அறிவிப்பு ஏதேனும் உண்டா என்று பாருங்கள். இருந்தால், வங்கியில் பணம் எடுத்த சீட்டு, ஜிஎஸ்டி பதிவுச் சான்றின் நகல், கடையின் பெயர் அச்சிட்ட பழைய கொள்முதல் பில்கள் ஆகியவற்றைப் பணத்தோடு ஒரே உறையில் வையுங்கள். இதைவிட நல்லது, 40,000 ரூபாய் மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மீதியைக் கடைக்காரரின் கணக்குக்கு வங்கி மூலம் அனுப்புவது. யுபிஐயில் ஒரு நாளைக்குப் பொதுவாக 1 லட்ச ரூபாய்தான் வரம்பு என்பதால், அதை நம்பி மட்டும் வராதீர்கள்.

அப்பாவுக்குத் திங்கள் காலையைக் கொடுத்துவிடுங்கள். இறங்கியவுடன் பவானிக்குச் சென்றால், நடை சாத்துவதற்குள் சங்கமேசுவரர் கோயிலை நிதானமாகப் பார்க்கலாம். கோவை கலெக்டராக இருந்த வில்லியம் காரோ, 1804இல் வேதநாயகி அம்மனுக்குக் காணிக்கையாகக் கொடுத்த தந்தக் கட்டிலின் கதையை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கூடுதுறைப் படிக்கட்டில் "பரிகாரம்" என்று ஓடி வருகிறவர்களிடம் நின்று பேசாதீர்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் கோயில் அலுவலகத்தில் கட்டணம் கட்டி ரசீது வாங்குங்கள்.

பவானியில் ஜமுக்காளம் வாங்க ஆசை வரும். புவிசார் குறியீடு பெற்ற பொருள்தான். ஆனால் அதன் பெயரில் வெளி மாநில விசைத்தறிச் சரக்கு விற்கப்படுவது ஊரறிந்த செய்தி. ஜமுக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, விசைத்தறி ஜமுக்காளம் கடையில் இருக்கிறது. குழித்தறியில், அதாவது நெசவாளர் குழியில் கால் வைத்து இயக்கும் கைத்தறியில், நெய்தது கனமாக இருக்கும்; இருபுறமும் பட்டைகள் ஒரே தெளிவோடு தெரியும். கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

செவ்வாய்க் காலை வ.உ.சி. பூங்கா வளாகத்திலுள்ள அருங்காட்சியகத்துக்கும், பெரியார் அண்ணா நினைவகத்துக்கும் போகலாம். 1921இல் கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் இறங்கியதும், 1925இல் பெரியாரின் குடி அரசு வார இதழ் வெளிவரத் தொடங்கியதும் இந்த ஊரில்தான். ஆசிரியரான உங்கள் தந்தையார் அங்கே நெடுநேரம் நிற்பார், அதற்கேற்ப நேரம் ஒதுக்குங்கள். பிரப் தேவாலயம் சந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பழங்காலத் தடயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்ட கொடுமணலுக்குப் போகக் கேட்டால் இம்முறை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அகழாய்வுக் குழிகளை மூடிய பின் அங்கே பார்க்க வயல்தான் மிச்சம்.

மஞ்சள் ஏலம் பார்க்கலாம், ஆனால் அங்கே நீங்கள் வாங்க முடியாது. உரிமம் பெற்ற வியாபாரிகள் குவிண்டால் கணக்கில் கேட்பது அது. ஏலக் கூடத்து விலையில் பொடி தருகிறேன் என்கிறவர் எந்தப் பொடியைத் தருகிறாரோ, அது அவருக்கே வெளிச்சம். மண்டியில் விரலி மஞ்சளாக வாங்கி, ஒன்றை உடைத்துப் பாருங்கள்: சுத்தமாக முறிந்து உள்ளே ஆழ்ந்த ஆரஞ்சு நிறம் தெரிந்தால் போதும். ஊருக்குப் போய் அரைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிய பெயர்ப் பலகையைத் தேட வேண்டாம். காவிரிப் பாலத்தைக் கடந்தால் பள்ளிபாளையம். அந்த ஊர்ப் பெயரில் எங்கும் விற்கும் கோழி வறுவலில் சின்ன வெங்காயம், விதை நீக்கிய வற்றல் மிளகாய், தேங்காய்ச் சில் ஆகியவைதான் முக்கியம். மசாலாப் பொடி கொட்டிச் சிவப்புச் சாயத்தோடு வந்தால் தட்டைத் திருப்பி அனுப்புங்கள். அப்பா சைவமென்றால் மதியம் அரிசி பருப்புச் சோறு, மாலையில் தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை (இடியாப்பம் போன்றது). சந்தை இரவில் அவரை விடுதியில் படுக்க வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போங்கள். கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் கூட்டத்தில் வயதானவர் நிற்க இடமிருக்காது. வாங்கியதைச் செவ்வாய் மதியத்துக்குள் பார்சல் அலுவலகத்தில் ஒப்படைத்து, கட்டு எண்ணிக்கையை ரசீதில் எழுதச் சொல்லி, அதைச் சரிபார்த்த பிறகு ரயில் நிலையத்துக்குக் கிளம்புங்கள்.