வாசகர் கேள்வி: பிடித்துக்கொண்ட சம்பளம்

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டே, தேக்கா பகுதி உணவகம் ஒன்றில் பகுதிநேரமாக ஐந்து மாதம் வேலை செய்தேன். எழுத்தில் எதுவும் தரவில்லை. வேலையை விட்டதும், தட்டுகள் உடைந்ததாகச் சொல்லிக் கடைசி மாதச் சம்பளம் முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். நான் பகுதிநேர ஊழியர்தானே, எனக்கு உரிமை உண்டா?
— 19 வயது வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: உண்டு. வாரத்திற்கு 35 மணி நேரத்துக்கும் குறைவாக வேலை செய்யும் பகுதிநேர ஊழியர்களையும் சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் உள்ளடக்குகிறது. பொருள் சேதத்துக்காகப் பிடித்தம் செய்யலாம் என்றாலும், தவறு உங்களுடையதாக இருக்கவேண்டும், அதற்கு முன் விளக்கம் சொல்ல உங்களுக்கு வாய்ப்பளித்திருக்கவேண்டும், தொகையும் ஒரு மாதச் சம்பளத்தின் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. முழுச் சம்பளத்தையும் விழுங்கிய தட்டுகள் எந்தப் பீங்கானோ, தெரியவில்லை!

14 நாள் அல்லது அதற்கு மேல் வேலைக்கு அமர்த்தப்படுபவருக்கு முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவதும், சம்பளச் சீட்டு வழங்குவதும் முதலாளியின் கடமை; எனவே எழுத்தில் எதுவும் இல்லாதது உங்கள் குற்றமன்று. வேலை அட்டவணையின் படங்கள், வாட்ஸ்அப் செய்திகள், வங்கிக் கணக்கு விவரங்கள் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு, சச்சரவுகளைக் கையாளும் முத்தரப்பு அமைப்பான டிஏடிஎம்மிடம், வேலையை விட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கோரிக்கையைப் பதிவுசெய்யுங்கள். முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அது பலிக்காவிட்டால் விவகாரம் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குச் செல்லலாம். அங்கே இரு தரப்பும் வழக்கறிஞர் வைக்க முடியாது என்பதால், அந்தச் செலவை நினைத்துத் தயங்கவேண்டாம்.

மாதம் 50 வெள்ளிக்கு மேல் சம்பாதித்த சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி என்றால், மத்திய சேமநிதிச் சந்தா செலுத்தப்பட்டதா என்பதையும் கணக்கில் பாருங்கள்.